ராணிக்கு நான் வரைந்த வெள்ளை உடுப்பு

போன வாரம் உங்கள் நாடகக் குழுவில் உடுப்புப் பிரிவுக்குப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் எல்லாரும் என்னைப் பார்க்க வந்தீர்கள். வந்ததும் வராததுமாக ஒருத்தி கேட்டாள், "மேடம், அப்பல்லாம் எதுல டிசைன் பண்ணுவீங்க?" சார்ட் பேப்பரில் என்றேன். எல்லாரும் என்னை 'ஐயோ பாவம்' என்று பார்த்தீர்கள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சார்ட் பேப்பர், போஸ்டர் கலர், முடி கொட்டிப்போன ஒரு பிரஷ், இவ்வளவையும் வைத்துக்கொண்டு இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் எத்தனை ராஜாக்களை உலவ விட்டிருக்கிறேன் தெரியுமா? அவர்களில் ஒருவருக்குக்கூட மேடையில் வேட்டி அவிழ்ந்தது கிடையாது. வேறு குழுக்களில் அவிழ்ந்திருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நீங்கள் ஓடிவிட்டதால், சொல்ல நினைத்ததை எழுதி அனுப்புகிறேன். அளவெடுப்பது, வெட்டுவது, தைப்பது பற்றி ஒரு வரியும் எழுதப் போவதில்லை. அது கை பழகப் பழக வந்துவிடும். கழுத்தைப் பிடிக்கிற நேரத்தில் என்ன முடிவெடுப்பது என்பதுதான் லேசில் வராது. அப்படி ஒரு சாயங்காலத்தைப் பற்றி எழுதுகிறேன். கொஞ்சம் தற்பெருமை வாடை அடிக்கும். சகித்துக்கொள்ளுங்கள், எனக்கு அந்த உரிமை உண்டு.

எண்பதுகளில் நான் இராஜபாளையத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்தேன். என் வீட்டுக்காரர் பேண்டேஜ் துணி நெய்யும் இடத்தில் சூப்பர்வைசர். எங்கள் ஊரில் நூற்பாலைக்குப் போகாதவர்கள் பேண்டேஜுக்குப் போவார்கள். நெசவில் பிசகி, ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடியாமல் ஒதுக்கிய துணி எங்கள் வீட்டில் மூட்டையாகக் கிடக்கும். ஆக, மற்றவர்கள் சாட்டினும் சரிகையும் தேடி மதுரைக்கு அலைந்தபோது நான் பேண்டேஜ் துணியில் சாயம் போட்டே தொழில் கற்றேன்.

முதலில் உடுப்பு வரைந்தது எங்கள் சபையின் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு. தேவதூதர்களுக்குப் பழைய குடைக் கம்பியிலும் பேண்டேஜ் துணியிலும் இறக்கை செய்தேன். படத்தைப் பார்த்தவர்களெல்லாம் வாயைப் பிளந்தார்கள். நாடகம் நடந்தது செட்டியார்பட்டியில். டவுன் பஸ்ஸில் போக வேண்டும். நானோ இறக்கையை அங்கியோடு சேர்த்து கெட்டியாகத் தைத்து வைத்திருந்தேன். உட்கார முடியாமல், சாய முடியாமல், தேவதூதர்கள் வழியெல்லாம் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார்கள். கண்டக்டர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போக முடியாமல் திண்டாடிப்போய், "டீச்சர், ஒண்ணு இறக்கையை மடக்கச் சொல்லுங்க, இல்லைன்னா பறந்து வரச் சொல்லுங்க" என்றார். பஸ்ஸே சிரித்தது. அதற்குப் பிறகு எந்த உடுப்பை வரைந்தாலும் தாளின் ஓரத்தில் அதே ஆள் பஸ் ஏறுகிற மாதிரி சின்னதாக ஒரு படம் போட்டுப் பார்த்துக்கொள்வேன். நீங்களும் போட்டுப் பாருங்கள், பாதித் தப்பு அதிலேயே தெரிந்துவிடும்.

மீதிப் பாதி எந்தப் படத்திலும் தெரியாது. அதற்குத்தான் இந்தக் கதை.

ஒரு நூற்பாலையின் நாடகக் குழுவுக்கு சுப்பராஜா என்று ஒருவர் எழுதி இயக்கிக்கொண்டிருந்தார். ஆலையில் டைம் ஆபீஸ் கிளார்க். வீட்டில் பேசுவது தெலுங்கு. ஆனால் தமிழில் வசனம் எழுதினால் மேடை அதிரும், கோபம் வந்தால் மட்டும் தெலுங்குக்குப் போய்விடுவார். அவர் ஒரு ராணி கதை எழுதினார். கற்பனை நாடு, கற்பனை ராணி. ராஜா போருக்குப் போய் மடிகிறார். கடைசிக் காட்சியில் ராணி தானே அரியணை ஏறி, கோட்டையைக் கொடுக்க மாட்டேன் என்று முழங்குகிறாள். அந்தப் பேச்சு ஒன்றுக்காகவே நாடகத்தை எழுதியிருந்தார். ஆலைத் தொழிலாளர்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளி அரங்கத்தில் நடந்த நாடகப் போட்டிக்கு அதைக் கொண்டுபோவதென்று முடிவானது.

அந்தக் கடைசிக் காட்சிக்கு நான் ஒரு வெள்ளை உடுப்பு வரைந்தேன். நாடகப் பிரதியில் 'ராணி அரியணை ஏறுகிறாள்' என்று மட்டும்தான் இருந்தது. வெள்ளை முழுக்க முழுக்க என் யோசனை. பேண்டேஜ் துணியை அடுக்கடுக்காக மடித்து ஒரு சேலை, அதன் முந்தானை அரியணைப் படியெல்லாம் வழிந்து மேடையின் முன்விளிம்பு வரை வர வேண்டும். நகை கிடையாது, பூ கிடையாது, பொட்டு கிடையாது. அத்தனை சிவப்பும் பச்சையும் பார்த்த கண்ணுக்கு அந்த வெள்ளை வந்து நின்றால் எப்படி இருக்கும்! படத்தைப் பார்த்து சுப்பராஜா பேச்சு வராமல் நின்றார். அவருக்குப் பேச்சு வராமல் போவது சாதாரண விஷயம் இல்லை. அந்தப் படத்தையே அரங்கத்தின் வாசலில் ஒட்டுவதற்குப் பெரிதாக இன்னொன்று வரையச் சொன்னார். வரைந்து கொடுத்தேன்.

அந்தக் காலத்தில் ஆலைக் குழுக்களில் பெண் வேஷத்துக்கு உள்ளூரில் ஆள் கிடையாது. மதுரையில் ஏஜென்ட் மூலம் நடிகையை ஏற்பாடு செய்வார்கள். வசனப் பாடத்தைத் தபாலில் அனுப்பிவிடுவோம். அவர்கள் நாடகத்தன்று காலையில்தான் வந்து இறங்குவார்கள், ஒரே ஒரு ஒத்திகை, சாயங்காலம் மேடை. உடுப்புக்காரிக்கு அளவெடுக்க ஆள் கிடைக்காது. ஏஜென்ட் சொன்ன அளவை நம்பித் தைத்துவிட்டு ஊக்கும் நூலுமாக நிற்க வேண்டியதுதான். எங்களுக்கு வந்த நடிகையின் பெயர் மல்லிகா. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். குரல் அப்படி ஒரு கணீர். காலை ஒத்திகையில் அவள் கடைசிப் பேச்சைப் பேசி முடித்ததும் சுப்பராஜா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எங்களுக்கு முன்னால் இன்னொரு குழுவின் நாடகம். அது மேடையேறியதும் நான் மல்லிகாவை மேக்கப்புக்கு ஒதுக்கிய வகுப்பறைக்கு அழைத்துப்போய் முதல் காட்சி ஜாக்கெட்டை மாட்டிப் பார்த்தேன். கொக்கி எட்டவில்லை. ஏஜென்டைத் திட்டிக்கொண்டே தையலைப் பிரித்தேன். அப்போதும் எட்டவில்லை. அப்புறம்தான் நிமிர்ந்து அவளை ஒழுங்காகப் பார்த்தேன்.

"எத்தனை மாசம்?" என்றேன்.

"அஞ்சு முடியப்போகுது அக்கா. வெளிய சொல்லிராதீங்க. சேலைக் கட்டுல தெரியாது."

அது ஒன்றும் பெரிய சங்கடம் இல்லை. கொசுவத்தை இறக்கி, முந்தானையை அகலமாக விட்டு, இடுப்புக்கு ஒரு அங்கவஸ்திரம் கொடுத்தால் சமாளித்துவிடலாம். அதையெல்லாம் செய்துகொண்டே, அவளைச் சந்தோஷப்படுத்தலாம் என்று நினைத்து பெட்டியைத் திறந்து அந்த வெள்ளையை எடுத்து விரித்துக் காட்டினேன். எனக்கு அதில் அவ்வளவு பெருமை.

"இது யாருக்கு அக்கா?"

"உனக்குத்தான். கடைசி சீனுக்கு."

அவள் அப்படியே பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். இரண்டு கையும் வயிற்றின் மேல் போய்விட்டது. "நான் உடுத்த மாட்டேன் அக்கா. பாடத்துல வெள்ளைன்னு எழுதலையே. பிள்ளையைச் சுமந்துகிட்டு தாலியறுத்த சேலையை எப்படிக்கா உடுத்துறது?"

உண்மையைச் சொல்கிறேன், அது எனக்குச் சட்டென்று புரியவில்லை. எங்கள் வீடுகளில் கல்யாணப் பெண்ணுக்கு வெள்ளைப் பட்டுதான். நான் வெள்ளை உடுத்தித்தான் எங்கள் சபைக் கோவிலில் போய் நின்றேன். என் அம்மாவும் அப்படித்தான். என் கண்ணுக்கு வெள்ளை என்றால் மணப்பெண். மேடைக்குத்தான் அதை விதவைக் கோலமாக வரைந்தேன், அதுகூட ஒரு அழகாகத்தான் எனக்குப் பட்டது. அதையே அவளிடமும் சொன்னேன். "எங்க ஆளுகள்லாம் கல்யாணத்துக்கே வெள்ளைதான் உடுத்துவோம் மல்லிகா. நானும் உடுத்தித்தான் ரெண்டு பிள்ளை பெத்தேன். துணியில என்னம்மா இருக்கு?"

"உங்களுக்கு ஒண்ணும் இல்லதான் அக்கா. உங்க சாமி பாத்துக்கிட்டாரு. நான் ரெண்டு தடவை பறிகொடுத்தவ. இந்தத் தடவைதான் இம்புட்டு தூரம் தங்கியிருக்கு. திருப்பி அனுப்புனாலும் போறேன். இதை மட்டும் உடுத்த மாட்டேன்."

எனக்கு வாய் துறுதுறுவென்றிருந்தது. நான் டீச்சர். முப்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிறவள். இன்னும் ஒரு வார்த்தை, கொஞ்சம் அன்பாக, கொஞ்சம் கண்டிப்பாகச் சொன்னால் இவள் வழிக்கு வந்துவிடுவாள் என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. அவள் கையைப் பார்த்தேன், வயிற்றை விட்டு இன்னும் இறங்கவில்லை. வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

சுப்பராஜாவிடம் மட்டும், வெளியே விடக் கூடாது என்ற கட்டோடு, விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏமம்மா இது! வாசல்ல அம்புட்டுப் பெரிய படம் ஒட்டியிருக்கு. ஜட்ஜு மூணு பேரும் அதை நின்னு பாத்துட்டுத்தான் உள்ள போயிருக்காங்க. இப்ப வெள்ளை இல்லைன்னா எப்படி?" அப்புறம் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். "ஒண்ணு செய்வோம் டீச்சரம்மா. நம்ம சிப்பாய்ல ஒருத்தனுக்கு வெள்ளையைச் சுத்தி முதுகைக் காட்டி உக்கார வச்சிருவோம். இந்தப் பிள்ளை படுதாவுக்குப் பின்னால நின்னு வசனத்தைப் பேசட்டும்."

"அரியணையில முதுகைக் காட்டிக்கிட்டு எந்த ராணிண்ணே உக்காருவா?"

"அப்ப நீங்களே சொல்லுங்க. புருஷன் செத்தவ செவப்புச் சேலையில வந்தா சனங்க சிரிக்க மாட்டாங்களா? ஆறு மாசமா ஷிப்டு முடிச்சு வந்து ஒத்திகை பாத்திருக்கானுவ. அவனுகளுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

அவர் சொன்னதிலும் தப்பில்லை. இதைக் கவனியுங்கள் பிள்ளைகளே. அவசரத்தில் எல்லார் பக்கமும் நியாயம் இருக்கும், அதனால்தான் அது அவசரம். யார் சொல்வது சரி என்று பட்டிமன்றம் வைக்க நேரம் கிடையாது. யாருக்கு எது போனால் திரும்ப வராது என்று மட்டும் பாருங்கள். நாடகம் போனால் அடுத்த வருஷம் இன்னொரு போட்டி வரும். சுப்பராஜா இன்னொரு பேச்சு எழுதுவார், நான் இன்னொரு படம் வரைவேன். அவளுக்கு அப்படி இல்லை. அந்தச் சேலைக்குச் சக்தி உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? உடுத்தப்போவது நான் இல்லையே.

தலை சூடானால் நான் துணி மடிப்பேன். இன்றைக்கும் அதுதான் எனக்கு மருந்து. அந்த வெள்ளையை மடித்து உள்ளே வைத்துவிட்டு யோசிக்கலாம் என்று, வராந்தாவில் நின்ற இரண்டு சிப்பாய்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு முனையைப் பிடிக்கச் சொன்னேன். இரண்டு பேருமே ஆலையில் வேலை பார்ப்பவர்கள், வீட்டில் பெண்டாட்டிகள் பேண்டேஜ் சுருட்டுகிறவர்கள். ஒருவன் சும்மா இருக்க மாட்டாமல் முனையை எடுத்துத் தலையில் நாலு சுற்றுச் சுற்றி, "ஏலே, சண்டைக்குப் போயிட்டு வந்துட்டேன், கஞ்சி ஊத்தச் சொல்லு" என்றான். மற்றவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவனை அப்படியே அசையாமல் நிற்கச் சொன்னேன்.

பச்சைக் கச்சையும் கரிய மீசையுமாக நின்ற அந்த ஆள், தலையில் நாலு சுற்று வெள்ளை ஏறியதும் உண்மையாகவே தோற்ற போரிலிருந்து வந்தவன் மாதிரி ஆகிவிட்டான். வெள்ளையை ராணிக்குக் கொடுக்காமல் அவளைச் சுற்றி இருக்கிற எல்லாருக்கும் கொடுத்தால் என்ன? சிப்பாய்க்குக் கட்டாக, மந்திரிக்குத் தலைப்பாகையாக, சாமரம் வீசுகிறவனுக்குப் போர்வையாக, அரியணைக்கு விரிப்பாக. மேடை முழுக்க வெளுத்துப்போய் நிற்க, நடுவில் அவள் ஒருத்தி மட்டும் அரக்குச் சிவப்பில், பூவும் பொட்டுமாக நிற்க வேண்டும். நாடே தாலியறுத்த மாதிரி இருக்கும், அவள் அறுக்க வேண்டாம்.

சுப்பராஜாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "ராஜா மாண்டுட்டாருன்னு தூதன் சொல்லுவானே, அதை என்ன செய்ய?" என்றார்.

கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மல்லிகாதான் அதற்குப் பதில் சொன்னாள். "தூதன் சொல்ல வேண்டாம் சார். கட்டுப் போட்டவங்களா ஒவ்வொருத்தரா வரட்டும். நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் போயி, 'எங்கே என் மன்னர்?'னு கேக்கேன். யாரும் பதில் சொல்லாம தலையைக் குனிஞ்சிக்கிடட்டும். கடைசி ஆளும் குனிஞ்ச பொறவு நான் போயி அரியணையில உக்காருதேன்."

சுப்பராஜா அவளைப் பார்த்தார். தன் பிரதியை எடுத்து, 'விதவை நான்' என்று தொடங்குகிற இரண்டு வரியை அங்கேயே பேனாவால் அடித்தார். எழுத்துக்காரர் தன் வரியைத் தானே அடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அவர் மேல் எனக்கு இருந்த மரியாதை அன்றைக்கு ஒரு படி ஏறியது.

அடுத்து நடந்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. என் பெருமைக்குரிய உடுப்பை நானே கிழித்தேன். பேண்டேஜ் துணியை ஓரத்தில் லேசாகக் கீறி இழுத்தால் நூல் பிடித்து நேராகக் கிழியும், சர்ரென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்கக் கேட்க எனக்கு உற்சாகம் ஏறியது. கட்டுப் போட ஆள் தேடவே இல்லை. இராஜபாளையத்துக்காரனுக்குக் கட்டுப் போடச் சொல்லித்தர வேண்டுமா? ஒருவருக்கொருவர் தலையிலும் தோளிலும் முழங்கையிலும் சுற்றி, நுனியைச் செருகி, பார்க்க ஆஸ்பத்திரியே தோற்றது. ஒருவர் சிவப்பு மையைக் கரைத்துக் கொண்டுவந்து, "ரத்தம் தெளிச்சா நல்லா இருக்கும் டீச்சர்" என்றார். கையைத் தட்டிவிட்டேன். மேடையில் சிவப்பு என்றால் அது அவள் ஒருத்தி மட்டும்தான். இது மாதிரி நேரத்தில் ஆளாளுக்கு நல்ல நல்ல யோசனை சொல்வார்கள். நல்ல யோசனையையும் வேண்டாம் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

நாடகம் தொடங்கியது. முதல் இரண்டு அங்கமும் நன்றாகவே போனது. நான் பக்கத்துப் படுதாவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அரங்கத்தில் இடது பக்கம் முழுவதும் பெண்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்கள், ஆலைக்காரர் குடும்பங்கள், குழந்தையும் முறுக்குமாக ஒரே இரைச்சல். இரண்டாம் அங்கத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் மட்டும் சத்தம் அடங்கிப்போனது எனக்கு விசித்திரமாகப் பட்டது. ஒருத்தி காதில் ஒருத்தி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கடைசிக் காட்சிக்குப் படுதா உயர்ந்தது. வெள்ளை விரித்த அரியணை, வெள்ளையாக மந்திரி, வெள்ளையாகச் சேவகர்கள். அதைப் பார்த்ததும் இடது பக்கத்தில் ஒரு பெண் எழுந்தாள். பக்கத்தில் இருந்தவளும் எழுந்தாள். பிறகு வரிசை வரிசையாக எழுந்தார்கள். சிலர் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். எனக்குப் பின்னால் சுப்பராஜா, "போச்சு டீச்சரம்மா, அம்புட்டும் போச்சு" என்றார்.

அப்போது மல்லிகா மேடைக்கு வந்தாள். அரக்குச் சிவப்புச் சேலை, தலை நிறையப் பூ, நெற்றியில் காசு அகலத்துக்குப் பொட்டு.

எழுந்த பெண்கள் எழுந்தபடியே நின்றார்கள். ஒருத்தியும் உட்காரவில்லை, ஒருத்தியும் போகவில்லை. சிப்பாய்கள் கட்டோடு ஒவ்வொருவராக வந்தார்கள். யாரோ ஒருவர் தன் வீட்டு ஆளை அடையாளம் கண்டு சிரித்த சத்தம் கேட்டது. அதுவும் உடனே நின்றுவிட்டது. மல்லிகா முதல் சிப்பாயின் தலைக்கட்டைத் தொட்டு, "எங்கே என் மன்னர்?" என்றாள். அவன் குனிந்தான். அடுத்தவனிடம் போனாள். அவனும் குனிந்தான். மூன்றாவது ஆளிடம் அவள் குரல் பாதியாகிவிட்டது. கடைசி ஆளிடம் கேட்கவே இல்லை, அவன் கட்டில் நெகிழ்ந்து கிடந்த நுனியை எடுத்துச் செருகிவிட்டாள். ஒத்திகையில் இல்லாதது அது. பிறகு திரும்பி, படியேறி, அந்த வெள்ளையின் நடுவில் சிவப்பாகப் போய் உட்கார்ந்து பேசினாள். அவள் பேசி முடிக்கும்வரை அந்தப் பெண்கள் நின்றுகொண்டேதான் கேட்டார்கள்.

படுதா விழுந்ததும் வந்த கைதட்டலை எனக்கு எழுதத் தெரியவில்லை. உங்கள் வாழ்க்கையில் ஒரு தடவையாவது அப்படி ஒன்று கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

பரிசு வேறு குழுவுக்குப் போனது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நடுவர்களில் ஒருவர் மேடையிலேயே, நாடகம் அருமை, ஆனால் வாசலில் ஒட்டிய படத்தில் இருந்த வெள்ளை உடை எங்கே, கணவனை இழந்தவளுக்கு வண்ணப் புடவை மரபா என்று கேட்டார். சுப்பராஜாவின் மீசை துடித்தது, தெலுங்கு வந்துவிடுமோ என்று பயந்துபோனேன். நல்ல வேளையாக அடக்கிக்கொண்டார்.

நாங்கள் மேக்கப் அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரே பெண்கள் கூட்டம். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். முன்னால் நின்ற அம்மாள், ஐம்பது வயதிருக்கும், மூக்குத்தி பளிச்சென்று இருந்தது, உள்ளே எட்டிப் பார்த்து, "அந்தப் பிள்ளைக்கு எத்தனை மாசம்?" என்றார்.

நான் விழித்தேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஆம்பளைகளுக்கு வேணா மறைக்கலாம். ரெண்டாவது சீன்ல அவ எந்திரிச்ச தோரணையிலயே கண்டுட்டோம். வாசல்ல வெள்ளைச் சேலையில படம் வேற வரைஞ்சு ஒட்டியிருக்கிய. புள்ளத்தாச்சிக்கு அதை உடுத்தி மேடையில விட்டா ஒருத்தியும் உக்காரக் கூடாது, எந்திரிச்சு வீட்டுக்குப் போயிரணும்னு பேசி வச்சிருந்தோம். வெள்ளையைக் கண்டதும் எந்திரிச்சுட்டோம். பாத்தா அவ மகாலட்சுமி மாதிரி வாரா! பொறவு எங்க போக?"

மல்லிகா எழுந்து வந்து நின்றாள். அந்த அம்மாள் அவள் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கினார். ஒருத்தி தூக்குவாளியில் எலுமிச்சம் சாதம் கொண்டுவந்திருந்தாள். ஒருத்தி ஊர்ப் பால்கோவாவை இலையில் பொதிந்து வைத்திருந்தாள். "தின்னுட்டுத்தான் பஸ் ஏறணும் ஏட்டி" என்று அதட்டி உட்கார வைத்தார்கள். மல்லிகா அழுதுகொண்டே தின்றாள்.

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். "துணிமணி எல்லாம் பாத்தது நீங்கதானா டீச்சர்? வேதக்காரவுக, சர்ச்சுக்குப் போறவுகன்னு சொன்னாவ. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது இது?"

"எனக்குத் தெரியாதும்மா. அவ சொன்னா. நான் கேட்டுக்கிட்டேன்" என்றேன்.

அவர் தன் தலையிலிருந்த பூவில் பாதியைக் கிள்ளி என் கையில் கொடுத்தார். எனக்கு அதற்கு முன்னும் பின்னும் கேடயங்கள் கிடைத்திருக்கின்றன. உங்களில் ஒருத்தி எல்லாவற்றையும் துடைத்து அடுக்கித் தருகிறேன் என்று சொன்னாளே, சந்தோஷம், துடைத்துக் கொடு. அந்தப் பூவைத்தான் உனக்குக் காட்ட முடியாது.

கதையை இங்கே நிறுத்திவிடலாம் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். கேட்பவர்களிடம் இதுவரைதான் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் நீங்கள் தொழிலுக்கு வந்திருக்கிறீர்கள், உங்களிடம் மீதியையும் சொல்ல வேண்டும்.

அடுத்த ஆண்டு இன்னொரு ஆலையின் நாடகத்துக்கு மல்லிகா இராஜபாளையம் வந்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, கொழுகொழுவென்று. என்னைப் பார்த்ததும் ஓடிவந்து குழந்தையை என் கையில் திணித்தாள். நான் கொஞ்சினேன், பெயர் கேட்டேன், பல் முளைத்துவிட்டதா என்று பார்த்தேன். அந்த வெள்ளையை உடுத்தியிருந்தாலும் இவள் இப்படித்தான் பிறந்திருப்பாள் என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

"அக்கா, அன்னிக்கு உங்ககிட்ட ஒரு பொய் சொன்னேன்" என்றாள் மல்லிகா.

"என்ன பொய்?"

"திருப்பி அனுப்புனாலும் போறேன்னு சொன்னேன்ல? போயிருக்க மாட்டேன் அக்கா. அப்ப எங்க வீட்டுக்காரரு படுத்த படுக்கையா கெடந்தாரு. நான் மேடை ஏறலைன்னா ஏஜென்ட் பொறவு கூப்பிட மாட்டான், அடுப்பு எரியாது. வெறும் வாய் வீராப்புதான்." குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். "நீங்க இன்னும் ஒரு தடவை சொல்லியிருந்தீங்கன்னா, கண்ணை மூடிக்கிட்டு உடுத்தியிருப்பேன்."

நான் இன்னும் ஒரு தடவை சொல்லவில்லை.